பழைய போட்டு வாங்கப் போறீங்களா? 6,000 ரூபாய் செக்கிங் செலவு வேஸ்ட்டா, லாபமா?



செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறது பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்டதும், தூத்துக்குடிப் பக்கம் இருந்து ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, கார் எல்லாம் சரி. நாங்க ஒரு பழைய பைபர் போட்டு வாங்கப் போறோம். இன்ஜினோட சேர்த்து 4 லட்சம் சொல்றாங்க. ஆள் வச்சு செக் பண்ணினா 6,000 ரூபாய் ஆகும்ங்கறாங்க. பண்ணணுமா? இல்ல அந்தக் காசுக்கு வலை வாங்கிடலாமா?"

ரொம்ப நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கு. இதே கேள்விக்கு எங்க குடும்பம் ஒரு தடவை தப்பான பதிலைச் சொல்லி, கிட்டத்தட்ட ஒரு லட்சம் ரூபாயை விட்டிருக்கோம்.

"நான் போட்டு வாங்கலையே, எனக்கு எதுக்கு இது"ன்னு நினைக்கிறவங்களும் கொஞ்சம் இருங்க. பழைய கார், பழைய வீடு, பழைய மெஷின்னு எதை வாங்கினாலும் இதே கணக்குதான். போட்டுல அது இன்னும் தெளிவா தெரியும், அவ்வளவுதான்.

எங்க வீட்டுக் கதை

என் மச்சினன் கடல் தொழில் பார்க்கிறவன். பத்து வருஷமா அடுத்தவங்க போட்டுல பங்குக்குப் போயிட்டு இருந்தான். சொந்தமா ஒரு போட்டு வேணும்ங்கிறது அவனோட கனவு. ஒரு நாள் போன் பண்ணினான்.

"அத்தான், ஒரு பைபர் போட்டு வந்திருக்கு. இன்ஜினோட 3 லட்சத்து 60 ஆயிரம். புதுசு மாதிரி இருக்கு. ஒரு லட்சம் குறையுது."

"மாப்ள, நல்லா பாத்தியா? யாராவது மேஸ்திரிய கூட்டிட்டுப் போய் காட்டுனியா?"

"அத்தான், விக்கிறவரு நம்ம ஆளு. அப்பாவுக்கே பழக்கம். ஆளைக் கூட்டிட்டுப் போய் தட்டிப் பாத்தா அவரு என்ன நெனப்பாரு?"

நானும் அதுக்கு மேல வற்புறுத்தல. ஒரு லட்சம் அனுப்பி வச்சேன். மீதி 2 லட்சம் அவன் பொண்டாட்டி நகையை அடகு வச்சது. 60 ஆயிரம் சீட்டு எடுத்த பணம்.

முதல் மாசம் எல்லாம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது மாசம், டீசல் கூடுதலா குடிக்குதுன்னு சொன்னான். போட்டு பின்பக்கம் கொஞ்சம் அமுங்கி ஓடுற மாதிரி இருக்குன்னான். அப்புறம் ஒரு நாள் இன்ஜின் மாட்டியிருந்த பின்பலகையே ஆட ஆரம்பிச்சுடுச்சு. நல்ல வேளை, கரைக்குப் பக்கத்துல.

கரையேத்தி, பைபர் வேலை செய்யிற மேஸ்திரி ஒருத்தரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு சின்ன சுத்தியலை எடுத்து பின்பலகையில வரிசையா தட்டிக்கிட்டே வந்தார். சில இடத்துல 'டங் டங்'னு கணீர் சத்தம். சில இடத்துல 'தொப் தொப்'னு செத்த சத்தம். அஞ்சே நிமிஷம். "தம்பி, உள்ள இருக்கிற பிளைவுட் தண்ணி குடிச்சு மக்கிப் போச்சு. இது இன்னைக்கு நேத்து ஆனது இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டிருந்தா ரெண்டாயிரம் ரூபாய்க்குச் சொல்லியிருப்பேனே" என்றார்.

செலவுக் கணக்கைப் பாருங்க.

- பின்பலகையை வெட்டி எடுத்து புதுசு வச்ச செலவு: 68,000 ரூபாய்
- 23 நாள் கடலுக்குப் போகல. ஒரு நாளைக்குச் செலவு போக சராசரி 1,200 ரூபாய்னு வச்சா: 27,600 ரூபாய்
- அந்த நாட்களுக்கான நகைக்கடன் வட்டி: சுமார் 2,000 ரூபாய்

மொத்தம் 97,600 ரூபாய். முதல்லயே செக் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மேஸ்திரிக்கு 2,000, மெக்கானிக்குக் 1,500, கரையேத்துற கூலி, டீசல் எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 5,500 ரூபாய்.

ஒண்ணை நேர்மையா சொல்லணும். செக் பண்ணியிருந்தா பின்பலகை தானா சரியாகியிருக்காது. ஆனா அந்த 68 ஆயிரத்தை விலையிலேயே குறைச்சிருக்கலாம். இல்ல, "வேண்டாம் அண்ணே"ன்னு சொல்லிட்டு அடுத்த போட்டைப் பார்த்திருக்கலாம். காசு கொடுத்து முடிச்ச பிறகு அந்த ரெண்டு வழியும் இல்ல.

விக்கிறவர் ஏமாத்தினாரான்னு கேட்டா, எனக்கு அப்படித் தோணல. பிளைவுட் உள்ள மக்குறது அவருக்கே தெரிஞ்சிருக்காது. ஆள் நல்லவரா இருக்கிறதும், போட்டு நல்லா இருக்கிறதும் ரெண்டு வேற விஷயம்.

பெயிண்டுக்குக் கீழ என்னதான் இருக்கும்?

பைபர் போட்டுன்னா கண்ணாடி இழைப் பாயை ரெசின்ல ஊறவச்சு, அடுக்கடுக்கா ஒட்டிக் கட்டுறது. வெளியே மழமழன்னு ஒரு மேல்பூச்சு, அதை ஜெல்கோட்னு சொல்வாங்க. பைபர் துருப்பிடிக்காது, உளுக்காது. அதனாலதான் "பைபருக்கு என்ன ஆகப் போகுது"ன்னு நினைச்சிடறோம். ஆனா பலம் வேணும்ங்கிற இடத்துல, அதாவது இன்ஜின் மாட்டுற பின்பலகை, அடியில ஓடுற நீளக் கட்டைகள் மாதிரி இடங்கள்ல, உள்ள மரமோ பிளைவுட்டோ வச்சு மேல பைபர் மூடியிருப்பாங்க. ஒரு போல்ட் ஓட்டை வழியா தண்ணி உள்ள போனா போதும். வெளியே ஒண்ணும் தெரியாது, உள்ள மக்கிக்கிட்டே போகும்.

இன்னொரு விஷயம். 2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடற்கரை முழுக்க நிவாரணமா ஏராளமான பைபர் படகுகள் அவசர அவசரமா கட்டிக் கொடுக்கப்பட்டன. புதுசு புதுசா யார்டுகள் முளைச்சது. எல்லா இடத்துலயும் வேலை ஒரே தரமா இல்ல. அந்தக் காலத்துப் படகுகளுக்கு இப்ப ஏறக்குறைய 20 வயசு. கைமாறி கைமாறி வந்த போட்டுன்னா எப்ப, எந்த யார்டுல கட்டினதுன்னு கட்டாயம் கேளுங்க.

மரப் போட்டுன்னா கதை வேற. கடல் தண்ணியில இருக்கிற துளைப்புழு, வெளியே ஊசி முனை அளவு ஓட்டை போட்டு உள்ள நுழையும். உள்ள போய் விரல் கனத்துக்குச் சுரங்கம் தோண்டும். வெளியே பார்த்தா பலகை முழுசா இருக்கும், உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும்.

இரும்பு விசைப்படகுன்னா தகட்டோட கனம்தான் உயிர். பத்து தடவை பெயிண்ட் அடிச்ச தகட்டுல எவ்வளவு இரும்பு மீதி இருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. அல்ட்ராசோனிக் மீட்டர்னு ஒரு கருவியை வச்சு இடம் இடமா அளந்தாதான் தெரியும்.

கார் நடுவழியில நின்னா ஓரமா நிறுத்திட்டு மெக்கானிக்குக்குப் போன் பண்ணலாம். கடல்ல 15 கடல் மைல் தள்ளி பின்பலகை பிரிஞ்சா? அந்த போட்டுல நாலு பேர் இருப்பாங்க. அதனால இது வெறும் பணக் கணக்கு மட்டும் இல்ல.

இப்ப கணக்குக்கு வருவோம்

செக்கிங் செலவு பண்ணலாமா வேண்டாமான்னு முடிவெடுக்க ஒரே ஒரு வகுத்தல் போதும்.

செக்கிங் செலவு ÷ பழுது இருந்தா வரக்கூடிய நஷ்டம்

அந்தத் தம்பியோட கணக்கையே எடுத்துக்குவோம். செலவு 6,000. பெரிய பழுது ஒண்ணு இருந்தா ரிப்பேர், வேலையில்லாத நாட்கள் எல்லாம் சேர்த்து 80,000 நஷ்டம்னு வச்சுக்குவோம். 6,000-ஐ 80,000-ஆல வகுத்தா 7.5 சதவீதம். அதாவது 13 போட்டுல ஒரு போட்டுக்குத்தான் பெரிய பழுது இருக்கும்னாலும், செக்கிங் செலவு சரிக்குச் சரி ஆயிடும்.

இப்ப நீங்களே உங்க ஊர்க் கரையில நிக்கிற பழைய போட்டுகளை நினைச்சுப் பாருங்க. 13-ல ஒண்ணுக்குத்தான் பெரிய வேலை இருக்குமா? இல்ல, மூணுல ஒண்ணுக்கு இருக்குமா? உங்க மனசுல வர்ற பதில் 13-ல ஒண்ணை விட மோசமா இருந்தா, செக்கிங் லாபம்.

பெரிய விசைப்படகுன்னா இன்னும் சுலபம். உதாரணத்துக்கு 45 லட்ச ரூபாய்க்கு ஒரு படகு. சர்வேயர் கட்டணம், கரையேத்துற செலவு எல்லாம் சேர்த்து 40,000 ஆகுதுன்னாலும், விலையில ஒரு சதவீதம்கூட இல்ல. அடித்தகடு மாத்த வேண்டி வந்தா செலவு லட்சக்கணக்குல போகும். இங்க யோசிக்கவே வேண்டாம்.

இதெல்லாம் உதாரணத் தொகைதான். உங்க ஊர்ல மேஸ்திரி எவ்வளவு கேக்கறார், கரையேத்த எவ்வளவு ஆகும்னு விசாரிச்சு, உங்க நம்பரைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்க.

எப்ப செக்கிங் வேண்டாம்?

"எப்பவும் செக் பண்ணுங்க"ன்னு சொல்றது ஈஸி. ஆனா சில நேரம் அந்தக் காசு உண்மையிலேயே வேஸ்ட்.

ஒண்ணு, விலையே அடிமாட்டு விலையா இருந்து, "எல்லாம் போயிடுச்சு, இன்ஜினுக்கு மட்டும்தான் இந்தக் காசு"ன்னு நீங்க கணக்குப் போட்டே வாங்குறீங்கன்னா, உடம்பைச் செக் பண்ணி என்ன ஆகப் போகுது? இன்ஜினை மட்டும் பாருங்க.

ரெண்டு, அதே போட்டுல நீங்க பல வருஷம் தொழிலுக்குப் போயிருக்கீங்க. எப்ப கரையேறிச்சு, எங்க ஒட்டு போட்டாங்கன்னு உங்களுக்கு அத்துப்படி. அப்ப ஒரு மேஸ்திரி ஒரு மணி நேரம் பார்த்தா போதும், முழு சர்வே தேவையில்ல.

மூணாவதுதான் முக்கியம். "ரிப்போர்ட்ல என்ன வந்தாலும் நான் இதைத்தான் வாங்குவேன், விலையும் பேச மாட்டேன்"னு முடிவு பண்ணிட்டீங்கன்னா தயவுசெஞ்சு செக் பண்ணாதீங்க. அந்தக் காசுக்கு வலை வாங்குங்க. ஏன்னா, செக்கிங்குக்கு நாம கொடுக்கிற காசு நிம்மதிக்காக இல்ல. முடிவை மாத்திக்கிற உரிமைக்காக. அந்த உரிமையைப் பயன்படுத்த மாட்டேன்னா அதை எதுக்கு வாங்கணும்?

அதனால மேஸ்திரிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க: "இவ்வளவு ரூபாய்க்கு மேல ரிப்பேர் வந்தா வாங்க மாட்டேன்." வீட்டுல மனைவிகிட்டயோ அப்பாகிட்டயோ அந்தப் பேப்பரைக் கொடுத்துடுங்க. புது பெயிண்ட் அடிச்ச போட்டு முன்னாடி நிக்கும்போது நம்ம மூளை வேலை செய்யாது நண்பர்களே. பேப்பர் வேலை செய்யும்.

செலவு குறைவானதுல இருந்து ஆரம்பிங்க

எல்லா செக்கிங்கையும் ஒரே நாள்ல பண்ண வேண்டாம். இலவசமா பார்க்கக் கூடியதை முதல்ல பாருங்க. அதுலயே தேறலைன்னா அடுத்த படிக்குக் காசு செலவு பண்ணத் தேவையே இல்ல.

முதல் படி: உங்க கண்ணு (செலவு: பஸ் டிக்கெட்)

- போட்டு காலியா மிதக்கும்போது பாருங்க. ஒரு பக்கம் சாய்ஞ்சோ, பின்பக்கம் அமுங்கியோ இருக்கா?
- அடியில தேங்கின தண்ணி எவ்வளவு? காலையில இறைச்சு விட்டுட்டு சாயங்காலம் திரும்பப் பாருங்க.
- அணியத்துல நின்னு உடம்போட நீளத்துக்குக் கண்ணை ஓட்டுங்க. மேடு பள்ளமா அலை அலையா தெரியுதா?
- போல்ட் இருக்கிற இடத்துல எல்லாம் பழுப்புக் கறை வடிஞ்சிருக்கா?
- பைபர்ல கொப்புளம் இருக்கா? அதைக் குத்தினா புளிச்ச காடி வாசனையோட தண்ணி வந்தா, உள்ள தண்ணி இறங்கியிருக்குன்னு அர்த்தம்.
- புது பெயிண்ட் அடிச்சிருந்தா அது தப்பு இல்ல. ஆனா பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க.

ரெண்டாவது படி: பேப்பர் (செலவு: ஒரு நாள் அலைச்சல்)

மீன்வளத்துறைப் பதிவுச் சான்று யார் பேர்ல இருக்கு? அதுல இருக்கிற நீளமும் இன்ஜின் நம்பரும் எதிர்ல நிக்கிற போட்டோட ஒத்துப் போகுதா? பேர் மாத்துறதுக்கு என்னென்ன வேணும்னு மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துல நேர்ல போய்க் கேளுங்க. மானிய டீசல் உங்களுக்கு வரணும்னா பதிவு ஒழுங்கா இருந்தாதான் வரும்.

அப்புறம் கடன். பேங்க் கடன் இருந்தா பேப்பர்ல தெரியும். பேப்பர்ல தெரியாத கடன் ஒண்ணு இருக்கு. நிறைய ஊர்கள்ல போட்டு வச்சிருக்கிறவங்க மீன் ஏலம் விடுறவர்கிட்டயோ வியாபாரிகிட்டயோ முன்பணம் வாங்கியிருப்பாங்க. அது அடையுற வரைக்கும் பிடிக்கிற மீனை அவர்கிட்டதான் கொடுக்கணும். போட்டு கைமாறினா, நாளைக்கு அவர் உங்க முன்னாடி வந்து நிப்பார். அதனால ஏலக்கூடத்துல போய் நேரடியா விசாரிங்க. ஒரு டீ செலவுல தெரிஞ்சுடும்.

மூணாவது படி: மேஸ்திரியும் மெக்கானிக்கும் (செலவு: சில ஆயிரம்)

பைபர் போட்டுக்கு இந்தப் படியே பெரும்பாலும் போதும். கரையேத்திக் காய வச்சு மேஸ்திரி முழுசா தட்டிப் பார்க்கட்டும். பின்பலகை, அடிக்கட்டை, இன்ஜின் உக்கார்ற இடம் இந்த மூணும் முக்கியம்.

மெக்கானிக் வர்ற அன்னைக்கு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ ஓட்டி வச்சிருக்காங்கன்னு அர்த்தம். மறுநாள் விடியக்காலை வாங்க. ஜில்லுன்னு இருக்கிற இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுங்கிறதுலதான் உண்மை இருக்கு. டீசல் இன்ஜின்னா புகையைப் பாருங்க. நீலப் புகை விடாம வந்தா ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தா தண்ணி உள்ள போகுதான்னு பார்க்கணும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தா பால் டீ நிறத்துல இருக்கா? ஆயில்ல தண்ணி கலந்திருக்கு.

அப்புறம் கடல்ல ஓட்டிப் பாருங்க. கரையோரமா அஞ்சு நிமிஷம் இல்ல. முழு வேகத்துல அரை மணி நேரம். திரும்பி வந்ததும் அடியில தண்ணி எவ்வளவு சேர்ந்திருக்குன்னு மறுபடியும் பாருங்க.

நாலாவது படி: சர்வேயர்

விசைப்படகு, இரும்புப் படகு, பேங்க் கடன்ல வாங்குற பெரிய படகுன்னா இங்க வந்தே ஆகணும். சென்னை, தூத்துக்குடி, கொச்சி மாதிரி துறைமுக ஊர்கள்ல மரைன் சர்வேயர்கள் இருக்காங்க. அவங்களைக் கூப்பிடும்போது ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லுங்க. இன்சூரன்ஸுக்கும் பேங்குக்கும் எழுதுற மதிப்பீட்டு ரிப்போர்ட் வேற, வாங்குறவருக்காக எழுதுற நிலைமை ரிப்போர்ட் வேற. முதல்லது "இந்தப் படகுக்கு என்ன விலை"ன்னு சொல்லும். ரெண்டாவது "இந்தப் படகுக்கு என்ன நோய்"னு சொல்லும். உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது. "பேங்க்காரங்களே பாத்துட்டாங்க, அப்புறம் என்ன"ன்னு விட்டுடாதீங்க. பேங்க் பார்த்தது அவங்க கடனுக்காக, உங்களுக்காக இல்ல.

இன்னொண்ணு, சர்வேயர் பொதுவா இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்க மாட்டார். அதுக்கு மெக்கானிக் தனியா வேணும். ரிப்போர்ட் சொல்றதும் அன்னைக்கு இருந்த நிலைமையைத்தான். அது கேரண்டி கார்டு இல்ல.

யாரைக் கூப்பிடக் கூடாது?

விக்கிறவரோ புரோக்கரோ "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நல்லா பார்ப்பான்"னு சொன்னா, நன்றி சொல்லிட்டு வேற ஆளைப் பாருங்க. முடிஞ்சா பக்கத்து ஊர் ஆளாப் பாருங்க.

அதே மாதிரி, நாளைக்கு ரிப்பேர் வேலை யாருக்குப் போகுமோ அவரே செக் பண்ணவும் வந்தா, சின்னதைப் பெருசா சொல்ல வாய்ப்பு இருக்கு. அதனால முன்னாடியே சொல்லிடுங்க: "அண்ணே, பார்க்கிறதுக்கு மட்டும் இந்தக் கூலி. நான் வாங்கினாலும் வாங்காட்டியும் தந்துடுவேன். ரிப்பேர் வேலை வேற ஆளுக்குத்தான்." கூலி மேல போட்டுக் கொடுத்தாலும் பரவாயில்ல, பேச்சு சுத்தமா இருக்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு வரி

நம்ம ஊர்ல பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்துட்டுத்தான் செக் பண்றதைப் பத்தியே யோசிப்போம். அப்ப பிடி அவர் கையில போயிடுது. செக் பண்ணிட்டுக் கொடுக்கிறது நல்லது. வேற ஆள் வந்துடுவாங்கன்னு அவசரம் இருந்தா, சின்னத் தொகையா கொடுத்து, ஒப்பந்தத்துல இந்த வரியை எழுதிடுங்க:

"வாங்குபவர் தன் சொந்தச் செலவில் இத்தனை நாட்களுக்குள் படகையும் இன்ஜினையும் ஆய்வு செய்து கொள்வார். இத்தனை ரூபாய்க்கு மேல் செலவாகும் பழுது தெரிய வந்தால், முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்."

நம்ம நாட்டுல 1930-ம் வருஷப் பொருள் விற்பனைச் சட்டத்தோட அடிப்படையே "வாங்குறவர்தான் பார்த்து வாங்கணும்"ங்கிறதுதான். தனி ஆள்கிட்ட பழைய பொருள் வாங்கிட்டு, அப்புறம் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பி வாங்குறது நீண்ட கதை. அதை விட இந்த ரெண்டு வரி எவ்வளவோ மேல்.

"செக் பண்ணவே விட மாட்டேன்"னு விக்கிறவர் சொன்னா? செக்கிங் முடிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கோங்க. ரிசல்ட் வந்தாச்சு. வீட்டுக்கு வாங்க.

ரிப்போர்ட் வந்த பிறகு

பழைய போட்டுல பழுதே இல்லாம இருக்காது. பயப்படாதீங்க. பழுதை மூணாப் பிரிங்க.

1. உயிருக்கு ஆபத்து: சரி பண்ணாம கடலுக்கே போகக் கூடாது.
2. பணத்துக்கு ஆபத்து: ஆறு மாசம், ஒரு வருஷத்துல செலவு வைக்கும்.
3. பார்வைக்கு மட்டும்: கீறல், பெயிண்ட் மங்கினது.

முதல் ரெண்டுக்கும் மேஸ்திரிகிட்ட எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. விலை பேசும்போது "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க அண்ணே"ன்னு கேக்காதீங்க. "அண்ணே, பின்பலகைக்கு 40,000, ஷாப்ட்டுக்கு 8,000. இந்தாங்க எஸ்டிமேட். 48,000 குறைச்சா இன்னைக்கே முடிச்சுக்கலாம்"னு சொல்லுங்க. மூணாவது லிஸ்ட்டைப் பத்தி வாயே திறக்காதீங்க. சின்னச் சின்னக் கீறலுக்கு எல்லாம் காசு கேட்டா, பெரிய விஷயத்துக்கும் மதிப்பு போயிடும்.

நேரத்தையும் பாருங்க. விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி நிக்கும். அடிப்பாகத்தைப் பார்க்க இதை விட நல்ல நேரம் இல்ல. தனியா கரையேத்துற செலவும் மிச்சம். ஆனா தடைக்காலத்தோட ஆரம்பத்துலயே போங்க, பெயிண்ட் டப்பா திறக்கிறதுக்கு முன்னாடி. ஜூன் முதல் வாரம் போனீங்கன்னா எல்லாப் படகும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் நிக்கும்.

"நம்ம ஆளு, என்ன நெனப்பாரு?"

கடைசியா இதைப் பேசாம முடிக்க முடியாது. எங்க வீட்டுல 97,600 ரூபாய் போனதுக்குக் காரணம் 5,500 ரூபாய் இல்லாதது இல்ல. கூச்சம்தான். தெரிஞ்சவர்கிட்ட போய் செக் பண்ணணும்னு கேக்கக் கூச்சம்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. பழியைத் தூக்கி வேற ஒருத்தர் மேல போட்டுடுங்க. "அண்ணே, எனக்கு உங்க மேல முழு நம்பிக்கை. ஆனா பணம் கொடுக்கிற எங்க அத்தான் செக் பண்ணாம ஒரு ரூபாய் தர மாட்டேன்னுட்டார்." முடிஞ்சது. உறவும் கெடாது, வேலையும் நடக்கும். பணம் கொடுத்து உதவுற இடத்துல நீங்க இருந்தீங்கன்னா, அந்தக் கெட்ட பேரை நீங்களே வாங்கிக்கோங்க. அன்னைக்கு நான் அதைச் செஞ்சிருக்கணும். ஒரு லட்சம் கொடுத்தேன், ஒரு "முடியாது"வைக் கொடுக்கல.

போன வருஷம் அதே மச்சினன், அவன் கூட்டாளியோட சேர்ந்து இன்னொரு போட்டு பார்த்தான். இந்தத் தடவை அவனே அந்தப் பழைய மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போனான். எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் ஆச்சு. மேஸ்திரி அரை நாள் தட்டிப் பார்த்துட்டு, "ஒண்ணும் இல்ல, தைரியமா வாங்கு"ன்னுட்டார்.

எனக்குப் போன் பண்ணினான். "அத்தான், 6,200 ரூபாய் தண்டமாப் போச்சு. போட்டு நல்லாத்தான் இருக்கு."

"மாப்ள, அன்னைக்கு புது போட்டு எடுத்துட்டு மொத நாள் கடலுக்குப் போனப்ப உனக்குப் பின்பலகை எப்படி இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்குப் போகும்போது?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சிரிச்சான். அந்த 6,200 எதுக்குன்னு அவனுக்கும் புரிஞ்சுது, எனக்கும் புரிஞ்சுது.

தூத்துக்குடித் தம்பிக்கு என் பதில் இதுதான்: முதல்ல கண்ணால பாருங்க, அப்புறம் பேப்பர், அப்புறம் ஏலக்கூடத்துல விசாரணை. இது மூணுலயும் தேறினா அந்த 6,000-ஐக் கண்ணை மூடிக்கிட்டு செலவு பண்ணுங்க. வலை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.

நீங்க பழைய கார், டிராக்டர், தையல் மெஷின், வீடுன்னு எதை வாங்கினாலும் அதே ஒரு வகுத்தலைப் போட்டுப் பாருங்க. செக்கிங் செலவு ÷ வரக்கூடிய நஷ்டம். பேப்பர்ல எழுதி வீட்டுல கொடுத்துட்டுக் கிளம்புங்க.

இது பொதுவான தகவலுக்காக எழுதினது. உங்க ஊர் விதிமுறையை மீன்வளத்துறை அலுவலகத்துல ஒரு தடவை உறுதிப்படுத்திக்கோங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்.